மவுண்ட் வெர்னனா, மான்டிசெல்லோவா, லிங்கன் காட்டேஜா: கதை எங்கே நன்றாகச் சொல்கிறார்கள்?

வாஷிங்டன் பக்கம் உறவினர் வீட்டுக்கு வருகிறவர்கள் வெள்ளை மாளிகை வாசலில் போட்டோ எடுத்து, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களையும் முடித்துவிட்டு, "இன்னும் ஒரு நாள் இருக்கே, ஏதாவது ஒரு அதிபர் வீட்டைப் பார்க்கலாமா?" என்று கேட்பது வழக்கம். உடனே கிடைக்கும் பதில், முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் வீடான மவுண்ட் வெர்னன். பக்கத்தில் இருக்கிறது, பெயர் எல்லோருக்கும் தெரியும், பொடோமக் ஆறு அழகாகத் தெரியும். சரிதான். ஆனால் பழைய கட்டிலும் நாற்காலியும் எந்த வீட்டுக்குப் போனாலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. அங்கே நின்று பேசுகிறவர் யாருடைய கதையை எடுக்கிறார், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார் என்பதில்தான் வித்தியாசமே இருக்கிறது. அதை மட்டும் வைத்துத்தான் இந்த அலசல், தோட்டத்துக்கும் கஃபேக்கும் மார்க் கிடையாது.

மவுண்ட் வெர்னன் அரசாங்கத்துடையது இல்லை என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். ஆன் பமீலா கன்னிங்ஹாம் என்ற தென் கரோலைனா பெண்மணி 1853-இல் தொடங்கிய பெண்கள் சங்கம், 1858-இல் வாஷிங்டன் குடும்பத்து வாரிசிடம் 2,00,000 டாலருக்கு விலை பேசி வாங்கிய இடம் அது. இன்றும் அந்தச் சங்கம்தான் நடத்துகிறது. கூட்டம் மிக அதிகம், மாளிகைக்குள் கதை அடிபடுவதும் அதனால்தான். டிக்கெட்டில் நேரம் போட்டு வரிசையில் விடுகிறார்கள், அறையில் நிற்பவர் அந்த அறையைப் பற்றி நாலு வார்த்தை சொல்வதற்குள் பின்னால் இருப்பவர்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள், திருப்பதி தரிசனம் மாதிரி பார்த்தும் பார்க்காமலும் நகர்ந்துவிட வேண்டியதுதான். வாஷிங்டனின் நண்பரான பிரெஞ்சுத் தளபதி லாஃபயெத் 1790-இல் அனுப்பிய பாஸ்டீல் சிறைச் சாவி நடுக்கூடத்தில் தொங்குகிறது. பாரிஸ் சிறையின் சாவி வர்ஜீனியாப் பண்ணை வீட்டுக்கு எப்படி வந்தது என்று நிதானமாகச் சொன்னாலே அரை மணி நேரம் ஓடும், அதற்கு அங்கே அவகாசம் இல்லை.

வெளியே வந்தால்தான் மவுண்ட் வெர்னன் பேச ஆரம்பிக்கிறது. அந்தக் கால உடையில் வருகிறவர்கள், தாங்களே அந்தக் காலத்து மனிதர்கள் என்ற பாவனையில் நம்மோடு பேசுவார்கள், பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களைப் பற்றித் தனிச் சுற்று உண்டு, அதைத் தவறவிடாதீர்கள். அதில் கேட்க வேண்டியது ஓனா ஜட்ஜின் கதை. மார்த்தா வாஷிங்டனின் பணிப்பெண், 1796-இல் அதிபர் வீடு பிலடெல்பியாவில் இருந்தபோது அங்கிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயர் போனவர். வாஷிங்டன் ஆள் விட்டுத் தேடினார், அவர் திரும்பி வரவே இல்லை. 1848-இல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவர் தப்பியோடிய அடிமைதான்.

எனக்கு இங்கே ஒரு மனக்குறை. வாஷிங்டன் தன் உயிலில் அடிமைகளுக்கு விடுதலை எழுதிவைத்தார் என்று சொல்லும்போது கேட்கிறவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும், பேசுகிறவரும் சில சமயம் அதோடு நிறுத்திவிடுவார். அவர் இறந்த 1799-இல் அந்தப் பண்ணையில் 317 பேர் இருந்தார்கள், அவருக்குச் சொந்தம் 123 பேர்தான். மிச்சப் பேரில் பெரும்பகுதி மார்த்தாவின் முதல் கணவர் சொத்து வழி வந்தவர்கள், அவர்களை விடுவிக்க இருவருக்குமே சட்டப்படி உரிமை இல்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் தங்களுக்குள் கல்யாணம் செய்து பிள்ளை குட்டியோடு இருந்தவர்கள். 1801 ஜனவரி முதல் தேதி 123 பேருக்கு விடுதலை கிடைத்தபோது, கணவன் சுதந்திர மனிதன், மனைவியும் பிள்ளைகளும் அடிமை என்று எத்தனையோ குடும்பம் நின்றது. நல்ல வழிகாட்டி கிடைத்தால் இதுவரைக்கும் வருவார். கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

மூன்றாவது அதிபர் தாமஸ் ஜெபர்சனின் வீடான மான்டிசெல்லோவில் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டியதில்லை. வாஷிங்டனிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், போகலாம். வீட்டுக்குள் ஜெபர்சனின் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுவார்கள்: கடிகாரம், புத்தகங்கள், கடிதத்துக்கு அப்படியே நகல் எடுக்கும் கருவி. எல்லாம் சுவாரசியம்தான், ஆனால் உண்மையான பேச்சு மல்பெரி ரோ என்ற பாதையில் நடக்கிறது. அடிமைகளின் குடிசைகளும் பட்டறைகளும் இருந்த வரிசை அது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் ஆணி அடித்த பட்டறை, யார் எவ்வளவு அடித்தான் என்று ஜெபர்சனே கணக்கு எழுதிவைத்தது எல்லாம் அங்கே நின்று கேட்கும்போது, உள்ளே பார்த்த கெட்டிக்காரத்தனத்துக்கே வேறு நிறம் வந்துவிடும்.

அங்கே சொல்கிற கதைகளில் ஒன்றை மட்டும் எடுக்கச் சொன்னால் ஃபாசெட் குடும்பத்தை எடுப்பேன். ஈடித், அதிபர் மாளிகையில் பிரெஞ்சு சமையல் கற்றுக்கொள்ள அனுப்பப்பட்ட பெண். அவர் கணவர் ஜோசஃப் மான்டிசெல்லோவில் கொல்லர். 1806-இல் அவர் அனுமதி இல்லாமல் கிளம்பி மனைவியைப் பார்க்க வாஷிங்டன் வரைக்கும் போய்விட்டார், ஜெபர்சன் ஆளை அனுப்பிப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். இருபது வருஷம் கழித்து ஜெபர்சன் உயிலில் விடுதலை எழுதிய ஐந்து பேரில் ஜோசஃபும் ஒருவர். ஆனால் ஜெபர்சன் ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் வைத்துவிட்டு இறந்தார். 1827 ஜனவரியில் சுமார் 130 பேரை ஏலம் விட்டார்கள், அதில் ஈடித்தும் பிள்ளைகளும் இருந்தார்கள். உறவினர் உதவியோடு மனைவியையும் சில பிள்ளைகளையும் மீட்க முடிந்தது, 11 வயதுப் பீட்டரை முடியவில்லை. பின்னாளில் விடுதலையாகி, சின்சினாட்டியில் பாதிரியாராக வாழ்ந்த பீட்டர் ஃபாசெட் 1900-இல், முதுமையில், மான்டிசெல்லோவைப் பார்க்கத் திரும்பி வந்தார்.

பெயர், உறவு, ஆண்டு என்று இவ்வளவு விவரமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. 1993-இலிருந்து அந்தக் குடும்பங்களின் சந்ததியினரைத் தேடிப் போய் அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்ததைப் பதிவு செய்துவருகிறார்கள். ஜெபர்சனின் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸ் என்ற பெண்ணின் விஷயமும் அப்படித்தான். அவர் மகன் மேடிசன் 1873-இலேயே ஜெபர்சன்தான் தன் தகப்பன் என்று பத்திரிகையில் சொல்லியாயிற்று. 1998-இல் டிஎன்ஏ சோதனை வந்து, 2000-இல் மான்டிசெல்லோவை நடத்தும் அறக்கட்டளை அதை ஏற்று அறிக்கை விட்டு, 2018-இல்தான் சாலிக்கென்று ஒரு அறையில் கண்காட்சி வந்தது. "ஜெபர்சனைப் பார்க்க வந்தோம், எந்நேரமும் அடிமைக் கதையா?" என்று சலித்துக்கொள்பவர்களும் உண்டு. அந்த வீட்டைக் கட்டியதும் அங்கே சமைத்ததும் அவர்கள்தானே, வேறு எதைச் சொல்வது?

லிங்கன் காட்டேஜ் இதற்கெல்லாம் நேர் எதிர். வெள்ளை மாளிகையிலிருந்து சுமார் மூன்று மைல், ஊருக்குள்ளேயே இருக்கிறது, உள்ளூர்க்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது. 1862 முதல் 1864 வரை வெயில் காலம் முழுக்க லிங்கன் குடும்பம் அங்கேதான் இருந்தது. பொதுமக்களுக்குத் திறந்தது 2008-இல். உள்ளே போனால் ஏறக்குறைய வெறும் அறைகள். காசுக்கு மோசம் என்று தோன்றலாம். ஆனால் கண்ணுக்கு வேலை இல்லாததால் காது தானாகத் திறந்துகொள்கிறது, வழிகாட்டியும் சின்னக் குழுவை உட்கார வைத்து, நம்மையே கேள்வி கேட்டுப் பேச்சை நகர்த்துகிறார்.

1862 ஆகஸ்டில் ஒரு படை அதிகாரி அங்கே வந்தார். படகு விபத்தில் மனைவி இறந்துபோனார், உடலைத் தேடி எடுக்கப் போக அனுமதி கேட்டார். அலுத்துப்போயிருந்த லிங்கன், ஓய்வெடுக்க வந்த இடத்திலும் விடமாட்டீர்களா என்று கடிந்து அனுப்பிவிட்டார். மறுநாள் காலை அந்த அதிகாரி தங்கியிருந்த ஹோட்டல் அறைக்குத் தானே போய் மன்னிப்புக் கேட்டார். அடிமை விடுதலைப் பிரகடனத்தை எழுதிக்கொண்டிருந்த அதே கோடை, பன்னிரண்டு வயதுகூட ஆகாத மகன் வில்லி இறந்து சில மாதம், பக்கத்திலேயே போர் வீரர்களைப் புதைக்கும் கல்லறைத் தோட்டம். சிலையாகவே பார்த்துப் பழகிய ஆளிடம் ஒரு எரிச்சல், ஒரு வெட்கம் எல்லாம் தெரிகிற இடம் அது.

இல்லினாய் பக்கம் போகிறவர்கள் ஸ்பிரிங்ஃபீல்டில் லிங்கன் சொந்தமாக வைத்திருந்த ஒரே வீட்டைப் பார்க்கலாம், தேசியப் பூங்கா ரேஞ்சர் கூட்டிப்போவார், கட்டணம் இல்லை. மகன் ராபர்ட் 1887-இல் வீட்டை மாநிலத்துக்குக் கொடுத்தபோதே மக்களுக்கு இலவசமாகத் திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிட்டார்.

என் வரிசை மான்டிசெல்லோ, காட்டேஜ், அப்புறம் மவுண்ட் வெர்னன். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் மவுண்ட் வெர்னனை முதலிலும் காட்டேஜைக் கடைசியிலும் போடுங்கள், வெறும் அறையில் அவர்களை ஒரு மணி நேரம் உட்கார வைக்க முடியாது. மான்டிசெல்லோவில் மல்பெரி ரோ சுற்றை முதலில் முடித்துவிட்டு வீட்டுக்குள் போங்கள், வெயிலுக்குத் தொப்பி வேண்டும். காட்டேஜுக்கு முன்பதிவு செய்துகொண்டே கிளம்புங்கள், ஒரு குழுவில் ஆட்கள் குறைவு, சனி ஞாயிறுகளில் வாசலில் போய் நின்று டிக்கெட் கேட்டால் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.