கார் ஒயர்லெஸ் சார்ஜர்: பார்க்க அழகு, தொட்டால் சூடு

புது காரில் கியருக்கு முன்னால் இருக்கும் ஒயர்லெஸ் சார்ஜரை நம்பி, மே மாத வெயிலில் திருச்சி ரோட்டில் போன் ஆப்களை கார் திரையில் காட்டும் ஒயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் மேப்பையும் பாட்டையும் ஓடவிட்டால், விழுப்புரம் தாண்டுவதற்குள் போன் கையில் பிடிக்க முடியாத சூடு. திரை மங்கியது, சார்ஜ் நின்றது, அப்புறம் இணைப்பும் போச்சு. சார்ஜரிலும் போனிலும் உள்ள காயில் (கம்பிச் சுருள்) வழியாக மின்சாரம் போகும்போதே ஒரு பங்கு வெப்பமாக வீணாகும், வளைவில் போன் நகர்ந்து இரண்டு காயிலும் நேர்க்கோட்டிலிருந்து விலகினால் இன்னும் மோசம், போதாததற்கு காரோடு இணைந்திருக்க போனின் வைஃபை வேறு விடாமல் வேலை செய்கிறது. தடித்த கவரைக் கழற்றினால் கொஞ்சம் தேவலை. காந்தத்தால் சரியாக ஒட்டும் க்யூஐ2 (Qi2) வகை சார்ஜரைக் கொடுத்திருக்கலாம். சர்வீஸில் கேட்டால், ‘எல்லா காரிலும் இப்படித்தான் சார்’ என்கிறார்கள். தூரப் பயணத்துக்கு யூஎஸ்பி கேபிளே போதும், சார்ஜும் வேகமாக ஏறுகிறது.