புதன்கிழமை மட்டுமா, எல்லா நாளுமா? சின்ன கிளினிக்கில் தடுப்பூசி வேலையை ஓட்டும் வழிகள்

தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். காலையில் போனால் வாசலிலேயே குழந்தைகளின் அழுகை கேட்கும். தனியார் குழந்தைகள் கிளினிக்குகள் பலவற்றில் வாரம் முழுக்க, அதிலும் மாலை நேரத்தில், ஊசி உண்டு. எது நல்ல ஏற்பாடு என்று கேட்டால் யோசிக்காமல் 'தினமும் போடுவதுதான்' என்று பலர் சொல்வார்கள். கூலி வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் புதன்கிழமை காலை என்பது ஒரு நாள் சம்பளம். அவர் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பதில் சரிதான். ஆனால் மருந்துக் குப்பியின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு.

இதை அரசு தடுப்பூசியை வாங்கிப் போடும் சின்ன மருத்துவமனைகளையும், சொந்தமாக மருந்து வாங்கும் கிளினிக்குகளையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

குப்பி சொல்வதைக் கேளுங்கள்

அரசுத் திட்டத்தில் வரும் மருந்துகள் பெரும்பாலும் பல டோஸ் குப்பிகள். இவை இரண்டு வகை. பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி), ஐ.பி.வி. (போலியோ ஊசி), போலியோ சொட்டு மருந்து, நிமோனியாவுக்கான பி.சி.வி. போன்றவற்றைத் திறந்த பிறகும் 28 நாள் வரை வைத்துப் போடலாம். குளிர் கெடக் கூடாது, காலாவதி ஆகியிருக்கக் கூடாது, திறந்த தேதியும் நேரமும் லேபிளில் எழுதியிருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். இவற்றைத் தினமும் போடுவதில் வீணடிப்புப் பயம் பெரிதாக இல்லை. திறந்த குப்பிகளைத் தனித் தட்டில் வைத்து, மறுநாள் முதலில் அதையே எடுக்கும் பழக்கம் இருந்தால் போதும்.

காசநோய்க்கான பி.சி.ஜி.யும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் (எம்.ஆர்.) அப்படி இல்லை. இவை பொடியாக வரும். கரைத்த பிறகு ஆயுள் 4 மணி நேரம்தான். காலை 10 மணிக்குக் கரைத்தால் மதியம் 2 மணிக்கு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பத்து மணிக்கு ஒரு குழந்தை, மூன்று மணிக்கு இன்னொன்று என்று வந்தால் இரண்டு குப்பி போச்சு. அதே இரண்டு குழந்தைகளும் ஒரே காலையில் வந்திருந்தால் ஒரு குப்பி போதும். குறித்த நாள் முறையின் முக்கியமான பலம் இதுதான்.

ஆனால் இந்தப் பலமே ஒரு கெட்ட பழக்கத்தையும் வளர்த்துவிட்டது. 'ஒரு குழந்தைக்காகக் குப்பியை உடைக்க முடியாது, அடுத்த புதன் வாங்க' என்று திருப்பி அனுப்புவது. ஒரே ஒரு குழந்தை வந்திருந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் வழிகாட்டுதல். பி.சி.ஜி.யில் பாதி வீணாகக்கூடும் என்று சேர்த்துக் கணக்கிட்டுத்தான் அரசு கொள்முதலே நடக்கிறது. மிச்சம் பிடித்த டோஸுக்காக யாரும் பாராட்டப் போவதில்லை. திருப்பி அனுப்பிய குழந்தை அடுத்த புதன் வரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 'சளி இருக்கே, சரியானதும் பார்க்கலாம்' என்பதும் இதே ரகம். லேசான சளி, இருமல் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் காரணமே ஆகாது.

சொந்தமாக மருந்து வாங்கும் தனியார் கிளினிக்கில் பெரும்பாலும் ஒற்றை டோஸ் குப்பி அல்லது மருந்து நிரப்பியே வரும் சிரிஞ்சு. திறந்து வீணாகும் பிரச்சினை அங்கே இல்லை. விலை கூடுதல், ஃபிரிட்ஜில் இடமும் அதிகம் பிடிக்கும். தினமும் போடும் முறை இந்தக் கிளினிக்குகளுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. அரசு மருத்துவமனையைப் பார்த்து 'அவர்களால் ஏன் முடியவில்லை' என்று கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

மேஜையில் வேறு என்ன இருக்கிறது?

குறித்த நாள் முறைக்கு இன்னொரு காரணம் உண்டு. 2014 செப்டம்பரில் சிரியாவின் இத்லிப் பகுதியில், தட்டம்மைத் தடுப்பூசியைக் கரைக்கும் திரவத்துக்குப் பதிலாக, அறுவை சிகிச்சையில் தசையைத் தளர்த்தப் பயன்படும் அட்ராகூரியம் கலக்கப்பட்டு 15 குழந்தைகள் இறந்தன. இரண்டும் ஒரே ஃபிரிட்ஜில் இருந்தால் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய தவறுதான் இது. நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் 2008இல் தட்டம்மை ஊசிக்குப் பிறகு 4 குழந்தைகள் இறந்தன. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் கிராமத்துக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் இடத்தில் மட்டும் போடும் முறைக்குச் சில காலம் மாறினார்கள்.

தடுப்பூசி நாளில் மேஜையில் தடுப்பூசி மட்டும்தான் இருக்கும். தினமும் போடும் கிளினிக்கில் அதே டிரேயில் காய்ச்சல் ஊசியும் வாந்தி ஊசியும் ஆம்பூல்களாகக் கிடக்கும். தினமும்தான் போடுவோம் என்று முடிவு செய்பவர்கள் தனி மேஜை, தனி டிரே, தனி ஃபிரிட்ஜ் மூன்றையும் முதலில் ஏற்பாடு செய்துவிட வேண்டும். கரைக்கும் திரவம் அந்தந்த மருந்தோடு வந்த அதே கம்பெனியினுடையதாக இருக்க வேண்டும். முந்தைய நாளே குளிரில் வைத்திருக்க வேண்டும்.

வீட்டு ஃபிரிட்ஜா, ஐ.எல்.ஆரா?

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஐ.எல்.ஆர்.தான், அதாவது தடுப்பூசிக்கென்றே உள்ள, உட்சுவரில் ஐஸ் அடுக்கு கொண்ட குளிர்பெட்டி. மேல்பக்கம் திறக்கும் பெட்டி என்பதால் குளிர் கீழேயே தங்கும், கரண்ட் போனாலும் நெடுநேரம் தாங்கும். வீட்டு ஃபிரிட்ஜில் கதவைத் திறக்கும்போதெல்லாம் குளிர் வெளியே கொட்டுகிறது. அதைவிட மோசம், ஃப்ரீசருக்குப் பக்கத்துத் தட்டில் வைத்த மருந்து உறைந்துவிடலாம். 2 முதல் 8 டிகிரி என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 8ஐத் தாண்டுவதைப் பற்றிப் பயப்படுகிற அளவுக்கு 0க்குக் கீழே போவதைப் பற்றி யாரும் பயப்படுவதில்லை. ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் இரண்டும் ஒரு தடவை உறைந்தாலே வீண். குப்பியின் மேல் இருக்கும் வி.வி.எம். சதுரம் வெப்பத்தில் கெட்டதை மட்டும்தான் நிறம் மாறிக் காட்டும். உறைந்து கெட்டதைக் காட்டாது, சதுரம் வெளுப்பாக, நல்ல பிள்ளையாகவே இருக்கும்.

இடமோ பணமோ இல்லை, வீட்டு ஃபிரிட்ஜ்தான் என்றால், மருந்தை நடுத்தட்டில் வையுங்கள். கதவுப் பக்கம் வேண்டாம். காலியிடத்தில் தண்ணீர் பாட்டில்களை நிரப்புங்கள். காலையும் மாலையும் வெப்பநிலையை எழுதுங்கள். ஞாயிறும் எழுத வேண்டும், கிளினிக்குக்குத்தான் விடுமுறை, ஃபிரிட்ஜுக்கு இல்லை. அரசு நிலையங்களில் இ-வின் என்ற அரசின் கண்காணிப்பு ஏற்பாட்டின் கருவி இதைத் தானாகக் கண்காணித்து, வெப்பநிலை தப்பினால் போனுக்குத் தகவல் அனுப்புகிறது. தனியார் கிளினிக்குகளும் குறைந்தபட்சம் ஒரு டேட்டா லாகர் (வெப்பநிலையைத் தானாகப் பதியும் கருவி) வாங்கி வைப்பது நல்லது.

மருந்தைக் கேரியரில் (ஐஸ் பேக் அடுக்கிய கைப்பெட்டி) எடுத்துப் போகிறவர்களுக்கும் இதே விஷயம்தான். ஃப்ரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே உள்ளே அடுக்கக் கூடாது. வெளியே வைத்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை பொறுக்க வேண்டும். அவசரமான காலை நேரத்தில் முதலில் கைவிடப்படுவது இந்தக் காத்திருப்புதான்.

டோக்கனா, நேரம் குறித்துக் கொடுப்பதா?

குறித்த நாளில் எல்லோரும் ஒன்பது மணிக்கே வந்து நிற்பார்கள். ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். ஆறாவது வாரக் குழந்தைக்கு மட்டும் மூன்று ஊசி, இரண்டு சொட்டு மருந்து. ஒரு குழந்தைக்கே நேரம் பிடிக்கும். டோக்கன் கொடுத்தால் சண்டை குறையும், கூட்டம் குறையாது. ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பேர் என்று பிரித்து, முதல் நாளே போனில் சொல்லிவிடுவதே மேல். நிமிடக் கணக்கில் அப்பாயின்ட்மென்ட் கொடுப்பது நம் ஊரில் செல்லாது, பஸ் வரும் நேரத்துக்குத்தான் ஆள் வரும். தினமும் போடும் கிளினிக்கில் கவலை வேறு: இரண்டு மாதக் குழந்தை, காய்ச்சலோடு வந்தவர்களுக்கு நடுவே காத்திருக்கும். ஓ.பி. தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைத் தடுப்பூசிக்கு ஒதுக்கினால் இது தீரும்.

என் தீர்ப்பு

அரசு மருந்து போடும் இடம் என்றால் பென்டாவேலன்ட் வகை தினமும், எம்.ஆர்., பி.சி.ஜி. வாரம் இரண்டு குறித்த நாள். ஆனால் ஒன்பது மாதம் தாண்டி எம்.ஆர். போட வேண்டிய குழந்தை எந்த நாளில் வந்தாலும் குப்பியை உடையுங்கள். ஒற்றை டோஸ் வாங்கும் கிளினிக் என்றால் தினமும் போடலாம், தனி நேரம் ஒதுக்கி.

கையால் எழுதும் தடுப்பூசி அட்டையா, அரசின் இணையப் பதிவான யு-வின்னா என்ற கேள்விக்கு இரண்டும் என்பதே பதில். 2023 ஜனவரியில் சோதனை முறையில் தொடங்கிய யு-வின், ஊர் மாறிப் போகும் குடும்பங்களுக்கு உண்மையிலேயே உதவி. ஆனால் நெட் வராத நாளில் அம்மா கையில் இருப்பது அட்டைதான். அட்டையில் அங்கேயே எழுதிவிடுங்கள், யு-வின்னில் ஏற்றுவதை அன்று மாலைக்குள் ஒரே ஆள் முடிக்கட்டும். அடுத்த தேதி எழுதும் முன் காலண்டரையும் ஒரு தடவை பாருங்கள். பொங்கல் வாரத்தில் தேதி குறித்துக் கொடுத்துவிட்டு, வரவில்லையே என்று ட்யூ லிஸ்ட்டில் (ஊசி போட வர வேண்டிய குழந்தைகளின் பட்டியல்) சிவப்பில் வட்டம் போடுவதில் பிரயோஜனம் இல்லை.