ஆறு வருடமாகப் புள்ளி வைத்துத் தொட்ட அனுபவம்

2019 இல் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட இருக்கும் ஒரு ஹார்ட்வெயார் கடைக்குக் கடன் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன், இன்றைக்கும் அதையேதான் திருத்தித் திருத்தி ஓட்டுகிறேன். ஒரு ஒப்ஜெக்டுக்குள், அதாவது ஒரு கஸ்டமரின் விவரங்களை ஒன்றாகக் கட்டி வைத்த பொதிக்குள், இருக்கும் பெறுமதியை வெளியிலிருந்து எப்படித் தொடுவது என்ற சின்ன விஷயம் தந்த தொல்லையை டேட்டாபேஸ் கூடத் தரவில்லை.

முதல் வடிவம் ஜாவா மொழியில். படிப்பித்த சேர் சொன்னபடி எல்லாவற்றையும் வெளியிலிருந்து நேரே தொட முடியாதபடி பிரைவேட் ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்டர், ஒரு செட்டர். கஸ்டமர் ஒப்ஜெக்ட்களுக்கு அச்சாக இருக்கும் கஸ்டமர் கிளாஸில் 9 பெறுமதி, 18 மெதட் (ஒப்ஜெக்ட் செய்யும் வேலைகள்). அந்தப் பதினெட்டும் எடுத்துக் கொடுப்பதையும் வாங்கி வைப்பதையும் தவிர ஒரு வேலையும் செய்யவில்லை. சலித்துப்போய் பைதன் மொழிக்கு மாறினேன். ஒப்ஜெக்டுக்குப் பின்னால் புள்ளி வைத்துப் பெறுமதியின் பெயரை எழுதினால் போதும், எடுக்கவும் செய்யலாம், மாற்றவும் செய்யலாம். பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

ஒரு கிழமைதான் அந்தச் சந்தோஷம். கடைக்கு வந்த ஒருவர் பில் துண்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, நான் ஒரு சுத்தியலும் ஆணியும்தான் எடுத்தனான், இதில சீமெந்து இருபது பை நிக்குது, ஆற்ற சீமெந்து இது?" என்று கேட்டார். பார்த்தால் எல்லாருடைய சாமான்களும் எல்லாருடைய பெயரிலும் நிற்கின்றன. காரணம் ஒரே ஒரு வரி. சாமான் பட்டியலை ஒப்ஜெக்ட் உருவாகும் மெதட்டுக்குள் எழுதாமல், கிளாஸ் பெயருக்கு நேர் கீழே வெறும் பட்டியலாக எழுதி வைத்திருந்தேன். பைதன் ஒரு பெயரை முதலில் அந்த ஒப்ஜெக்டுக்குள் தேடும், இல்லாவிட்டால் கிளாஸில் தேடும். ஆகவே யாருடைய பட்டியலில் சேர்த்தாலும் கிளாஸில் இருந்த அந்த ஒற்றைப் பட்டியல்தான் நீண்டுகொண்டே போனது. இதில் என்னைக் குழப்பியது என்னவென்றால், அதே இடத்தில் பூச்சியமாக எழுதியிருந்த கடன் மீதி சரியாக இருந்ததுதான். மீதியில் கூட்டும்போது புதுப் பெறுமதியை அந்த ஒப்ஜெக்டிலேயே எழுதுகிறோம், அப்போதே அதற்கென்று ஒரு மீதி உண்டாகிவிடும். பட்டியலில் ஒன்றைச் சேர்க்கும்போது அப்படி எதுவும் நடக்காது. நான் சோதித்தது ஒரே ஒரு கஸ்டமரை வைத்து, பிறகு எங்கே பிடிபடும்?

அடுத்தது உதவிக்கு வந்த பெடியனால். மீதியின் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடித்து அதற்குப் பூச்சியம் கொடுத்திருந்தான். பைதன் ஒரு சத்தமும் போடவில்லை, அந்தப் பிழையான பெயரிலேயே புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டு பேசாமல் இருந்தது. கடனை அடைத்தவரின் பெயரில் கடன் அப்படியே. ஸ்லொட்ஸ் போட்டு, இன்னின்ன பெயர்களைத் தவிர வேறு வரக்கூடாது என்று கட்டிய பிறகுதான் நித்திரை வந்தது. பிஎச்பி மொழி கூட 8.2 பதிப்பிலிருந்து இப்படிப் புதுப் பெயர் முளைத்தால் எச்சரிக்கிறது.

பைதனில் பெயருக்கு முன்னால் இரட்டை அடிக்கோடு போட்டால் பிரைவேட் ஆகிவிடும் என்று நம்பியிருந்தேன். அது பெயருக்கு முன்னால் கிளாஸின் பெயரை ஒட்டி வைக்கிறது, அவ்வளவுதான். கிடுகு வேலி மாதிரி, பொட்டுத் தெரிந்தவன் உள்ளே வருவான். ஜாவா மதில் கட்டுகிறது என்றாலும் அந்த மதில் கிளாஸைச் சுற்றித்தான், ஒரு கஸ்டமர் ஒப்ஜெக்ட் இன்னொரு கஸ்டமரின் பிரைவேட்டைத் தாராளமாகத் தொடலாம். இது எனக்குக் கனகாலம் தெரியாது.

உண்மையில் கைகொடுத்தது புரொப்பர்ட்டி. பகுதி பகுதியாகக் காசு கட்டும் வசதியைக் கடைக்காரர் கேட்டபோது மீதியைச் சேமித்து வைக்க முடியாமல் ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டி வந்தது. மீதியைத் தொட்ட இடங்கள் நாற்பதுக்கு மேல், ஒன்றையும் மாற்றவில்லை. வெளியே அதே புள்ளி, உள்ளே மெதட். அந்த 18 மெதட்களையும் சேர் ஏன் எழுதச் சொன்னார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது, ஆனாலும் அவற்றை முன்கூட்டியே எழுதி வைக்கத் தேவையில்லை என்பதே இன்றும் என் எண்ணம். ஒரு கவனம்: பெறுமதியை வைக்கும் மெதட்டுக்குள் அதே பெயருக்கே எழுதினால் அது தன்னையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டு ஆயிரம் தடவை அளவில் போய் விழும். நான் விழுத்தியிருக்கிறேன்.

இப்போது புதுக் கிளாஸ் எழுதினால், ஒப்ஜெக்ட் உருவாகும் மெதட்டைப் பைதனே எழுதித் தரும் டேட்டாகிளாஸ்தான். வெறும் பட்டியலை நேரே வைக்கப்போனால் அங்கேயே பிழை காட்டி நிறுத்திவிடும், பைதன் 3.10 பதிப்பிலிருந்து ஸ்லொட்ஸையும் அதிலேயே கேட்கலாம். பழைய கஸ்டமர் கிளாஸை மட்டும் இன்னும் மாற்றவில்லை, கடை ஞாயிறு அரைநாள்தான் பூட்டுகிறது.