மாட்டுக்கும் நாய்க்கும் வாட்ஸ்அப் ஹீலிங்: மதுரைப் பக்கம் கிடைப்பதைப் பற்றி ஒரு மதிப்பீடு

மாட்டின் போட்டோ ஒன்று, பெயர், எத்தனையாவது ஈற்று, எந்த ஊர். இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி ஜிபேயில் பணத்தைப் போட்டால், "இன்றைக்கு ராத்திரி 8 மணிக்கு உட்காருகிறோம், மாட்டைத் தொந்தரவு செய்யாதீர்கள்" என்று பதில் வரும். 20 நிமிடம், சிலரிடம் அரை மணி. முடிந்ததும் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "இடது பக்கம் அடைப்பு இருந்தது, எடுத்துவிட்டோம். காலையில் தண்ணி குடிக்கும்." தூரத்திலிருந்தே ஆற்றல் அனுப்பிக் குணப்படுத்துவதாகச் சொல்லி, தொலைதூர ஹீலிங் என்று விற்கப்படும் சேவை மொத்தமும் இதுதான். நாய், பூனை, கிளி, ஜல்லிக்கட்டுக் காளை எதுவானாலும் இதே முறை. ஒரு அமர்வு, 3 நாள், 7 நாள், 21 நாள் என்று பேக்கேஜ் மட்டும் மாறும். முறை எங்கும் ஒன்றுதான் என்பதால் எந்த ஹீலரின் பெயரும் இங்கே தேவையில்லை. வாங்குகிற பொருள் என்ன, எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்பதுதான் கேள்வி.

பின்னால் இருக்கும் சரக்கு மூன்று வகை. ரெய்கி, கை வைத்து ஆற்றல் செலுத்துவதாகச் சொல்லி 1922-ல் ஜப்பானில் மிகாவோ உசுய் தொடங்கிய முறை. தூரத்துக்கு அனுப்பும் சின்னத்தை அதன் இரண்டாம் நிலைப் பயிற்சியில்தான் சொல்லிக் கொடுப்பார்கள். ஆகவே முதல் நிலை மட்டும் முடித்துவிட்டு ஆன்லைனில் காசு வாங்குகிறவர், அவருடைய மரபுக் கணக்கிலேயே தகுதி இல்லாதவர். பிராணிக் ஹீலிங் பிலிப்பைன்சைச் சேர்ந்த சோவா கோக் சூயி வகுத்தது. தொடாமல் கையால் வழித்து, வழித்ததை உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் உதறுவார்கள். மூன்றாவது வகை, போட்டோவைப் பார்த்து விலங்கோடு "பேசுகிறவர்கள்". இந்த மூன்றிலும் முதல் இரண்டு மனிதருக்கென்று உண்டாக்கியவை, பிற்பாடுதான் தொழுவத்துக்கு வந்தன.

நம்ம ஊரில் பாடம் போடுவதும், வேப்பிலையால் தடவுவதும், திருநீறு ஊதிப் பூசுவதும், உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவதும் இதற்கு முந்தியவை. அதில் ஒரு நல்லது இருந்தது. பாடம் போடுகிறவர் நேரில் வருவார், அல்லது மாட்டை அவரிடம் ஓட்டிப் போக வேண்டும். காது சில்லென்று இருப்பதும், இடது வயிறு கல்லு மாதிரி இருப்பதும் அவர் கைக்குப் பட்டுவிடும். போட்டோவில் காது சில்லிடாது.

கைக்கு "ஆற்றல்" தெரியும் என்ற அடிப்படையைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1998-ல் வந்த ஆய்வு அது. எமிலி ரோசா என்ற பள்ளிச் சிறுமி, தெரப்யூட்டிக் டச் (உடம்புக்கு அருகே கையைக் கொண்டுபோய் ஆற்றலைச் சரிசெய்வதாகச் சொல்லும் முறை) செய்கிற 21 பேரை ஒரு மறைப்புக்குப் பின்னால் உட்காரவைத்து, அவர்களுடைய இரண்டு கைகளில் ஒன்றின் அருகே தன் கையைக் காட்டி, எந்தக் கை என்று கேட்டாள். 280 முறையில் 123 முறைதான் சரியாகச் சொன்னார்கள். காசு சுண்டிப் பார்த்தாலே 140 வாக்கில் வந்திருக்கும். சோதித்தது ரெய்கியை அல்ல, ஆனால் உரிமைகோரல் ஒன்றேதான். நாலு விரற்கடைத் தூரத்தில் தெரியாதது நத்தத்திலிருந்து சோழவந்தானுக்கு எப்படித் தெரியும்?

இருந்தாலும் சேவை முழுக்க வீண் என்று தள்ளிவிட முடியாது. உருப்படியான பகுதி ஒன்று உண்டு, அது அமர்வுக்கு முன்னால் வருகிறது. கொஞ்சம் பொறுப்பான ஹீலர் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்புவார்: எப்போதிலிருந்து தின்னவில்லை, சாணம் எப்படி, அசைபோடுகிறதா, கடைசியாக என்ன தீனி. இதற்குப் பதில் எழுத உட்காரும்போதுதான் பலர் மாட்டை முதன்முறையாக ஒழுங்காகப் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் விடுபடுவது எண்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். நுனியில் தேங்காய் எண்ணெய் தடவி, ஆசனவாயில் ஒரு பக்கச் சுவரில் ஒட்டியபடி வைக்க வேண்டும். நடுவில் சாணத்துக்குள் குத்தி நின்றால் குறைத்துக் காட்டும். மாட்டுக்கு 101 முதல் 102.5, நாய்க்கு 100.5 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை சாதாரணம். ஆடு அதைவிட ஒரு டிகிரி கூட இருக்கும். வெயிலில் கட்டியிருந்த மாட்டை நிழலில் அரை மணி நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்து, இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி 2 நிமிடம் வைத்திருங்கள். வயிறு 2-லிருந்து 4 தடவை புரண்டு கையைத் தள்ள வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் ஹீலருக்கு அனுப்ப வேண்டிய தகவல் அல்ல அது, டாக்டருக்குச் சொல்ல வேண்டியது.

அமர்வுக்கு அவர்கள் போடும் நிபந்தனைகளும் நல்லவைதான். கூட்டம் கூடாது, டிவி சத்தம் ஆகாது, விளக்கைக் குறை, பக்கத்தில் தண்ணீர் வை, பேசாமல் கூடவே உட்கார். தீபாவளி வெடிக்கு மிரண்டு கட்டிலுக்கடியில் ஒடுங்கிய நாய்க்கும், வீடு மாறி வந்து இரண்டு நாளாகச் சோறு தொடாத பூனைக்கும் இது நிச்சயம் கேட்கும். கேட்பது இருட்டும் அமைதியும் தெரிந்த ஆளின் வாசனையும்தான். அதற்கு யாரும் தூரத்திலிருந்து உட்கார வேண்டாம். வாடிவாசலிலிருந்து திரும்பிய காளை கிட்டே விடமாட்டேன் என்று நின்றால் "கண்ணேறு" என்று சொல்லி 7 நாள் பேக்கேஜ் வாங்குவதற்கு முன், மூக்கணாங்கயிறு அறுத்த இடம், கொம்பின் அடி, வாலின் மூட்டு, குளம்பிடுக்கு நான்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெரும்பாலும் வலி அங்கேதான் இருக்கும்.

இனி இந்தச் சேவையில் எது ஆபத்து என்பதற்கு வருவோம். கட்டணம் பெரிய விஷயமில்லை. "ராத்திரி 8 மணிக்கு உட்காருகிறோம்" என்ற அந்த வரிதான் ஆபத்து. காலை 10 மணிக்குப் படுத்த மாட்டுக்கு 8 மணி என்பது சில நோய்களில் பிணம்தான்.

பால் காய்ச்சல் அப்படிப்பட்ட ஒன்று. பெயர்தான் காய்ச்சல், உடம்பு உண்மையில் சில்லிட்டிருக்கும். கன்று ஈன்ற 3 நாளுக்குள், பெரும்பாலும் மூன்றாவது ஈற்றுக்கு மேற்பட்ட, பால் அதிகம் கறக்கிற கலப்பின மாட்டுக்கு வரும். இரத்தத்திலிருக்கும் சுண்ணாம்புச் சத்து சீம்பாலுக்கு இறங்கிவிடுவதால் தசை வேலை செய்யாது. கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக்கொண்டு படுத்திருக்கும், மூக்கு காய்ந்திருக்கும், சாணம் நிற்கும். பார்ப்பதற்குச் சோகமாகத் தெரியும், அதனால்தான் இதை "மனசு சரியில்லை" என்று ஹீலருக்கு எழுதுகிறார்கள். தேவைப்படுவது நரம்பில் ஏற்றும் கால்சியம், வழக்கமாக 450 மில்லி பாட்டில். டாக்டர் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே மெதுவாக ஏற்றுவார். வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும், ஆகவே தானாகக் குத்திப் பார்க்கிற வேலை கூடவே கூடாது. அவர் வரும்வரை மாடு பக்கவாட்டில் சாய்ந்துவிடாமல் வைக்கோல் மூட்டையை முட்டுக்கொடுத்து நெஞ்சில் உட்காரவையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், விழுங்கத் தெம்பில்லாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குள் போகும். கால்சியம் ஏறியதும் பல மாடுகள் சில மணி நேரத்துக்குள் எழுந்து நிற்கும். ஹீலிங்கும் அதே சமயம் நடந்திருந்தால் பேர் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வயிறு உப்புசம் இன்னும் அவசரம். மாட்டுப் பொங்கலன்று அன்பாக ஊட்டிய பொங்கல் சோறு, கல்யாண மண்டபத்து மிச்சச் சாதம் இரண்டும் இந்தப் பக்கத்தில் வழக்கமான காரணம். சோறு வயிற்றில் புளித்து அமிலமாகிவிடும். இடது பக்கம் மத்தளம் போல ஆகி, நாக்கு வெளியே வந்து மூச்சு இரைத்தால் நிமிடக் கணக்குதான். முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, டாக்டரை அழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இளம் பயறு வகைத் தீவனத்தால் நுரைத்த உப்புசம் என்றால், நிற்கிற மாட்டுக்கு 300 முதல் 500 மில்லி சமையல் எண்ணெயைத் தலையை அதிகம் தூக்காமல் மெதுவாகக் கொடுக்கலாம். சோறு தின்றதற்கு எண்ணெய் தீர்வாகாது.

நாய்க்குட்டிகளில் பார்வோ என்ற வைரஸ் நோய். தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் நாற்றமடிக்கும் இரத்தக் கழிச்சலும் தொடங்கிய இரண்டு மூன்று நாளில், நீர் வற்றியே போய்விடும். டிரிப் ஏற்றுவதுதான் உயிரைப் பிடித்து வைப்பது. 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி போட்டு, 16 வாரம் ஆகும்வரை 3-4 வாரத்துக்கு ஒன்றாகத் திரும்பப் போட வேண்டும். ஒரு குட்டி செத்த இடத்தில் அடுத்ததை உடனே விடாதீர்கள். கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும், ஃபினாயிலுக்கு அடங்காது, ப்ளீச் தேவை.

வெறிநோய் பற்றித்தான் கூடுதல் கவலை. "சாதுவாக இருந்த நாய் திடீரென்று கோபப்படுகிறது, அல்லது இருட்டில் போய்ப் படுக்கிறது" என்பது ஹீலர்களுக்கு வரும் வழக்கமான புகார். அவர்களுடைய பதில் "அதன் அருகில் உட்கார்ந்து தலையில் கை வையுங்கள்" என்பதாக இருந்தால் அந்த ஆளை அப்போதே பிளாக் செய்யுங்கள். மாடும் விதிவிலக்கில்லை. குரல் மாறிக் கத்தும், எச்சில் வடிக்கும். தொண்டையில் ஏதோ சிக்கிவிட்டது என்று வாய்க்குள் கை விடுவது அந்த நேரத்தில் நடக்கிற தவறு. கடியோ கீறலோ எச்சிலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி அங்கே இலவசம்.

அப்படியானால் "எங்க மாடு சரியாச்சு" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. மூன்று நாள் காய்ச்சல் என்றே ஒரு நோய் மாட்டுக்கு உண்டு. கொசு போன்ற பூச்சிகளால் பரவும். திடீர்க் காய்ச்சல், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும் நொண்டல், படுத்துவிடும், மூன்றாம் நாள் பெரும்பாலான மாடுகள் தானாக எழுந்து தின்னத் தொடங்கும். 3 நாள் பேக்கேஜுக்கு இதைவிடப் பொருத்தமான நோய் கிடையாது. கன்றுக்கு வரும் மருவும் படர்தாமரையும் சில மாதத்தில் தானாக உதிரும். பாடம் போட்டு மரு விழுந்த கதை ஊருக்கு ஊர் இருப்பது அதனால்தான். நாள்பட்ட மூட்டுவலி உள்ள நாயைப் பொறுத்தவரை வேறு ஒரு சிக்கல்: மருந்தே இல்லாத மாத்திரை கொடுத்தாலும் வளர்க்கிறவர் கண்ணுக்கு நொண்டல் குறைந்த மாதிரி தெரியும். 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், உரிமையாளர் சொன்னதையும் நாய் நடக்கும்போது தரையில் ஊன்றும் எடையைக் கருவியால் அளந்ததையும் ஒப்பிட்டு இதைக் காட்டினார்கள். ஹீலிங் வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் வேளைக்கு எத்தனை லிட்டர் பால், எவ்வளவு புண்ணாக்குத் தண்ணி என்று அமர்வுக்கு 5 நாள் முன்னும் பின்னும் எழுதி வையுங்கள். "முகத்தில் தெளிவு" என்பதெல்லாம் கணக்கில் வராது.

சிலர் அமர்வோடு மூலிகைக் குறிப்பும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள். அந்தக் குறிப்பு பெரும்பாலும் தேசியப் பால்வள வாரியம் இலவசமாகப் பரப்புவதுதான். மடிநோய்க்கு: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைக்க வேண்டும். மடியைக் கழுவி, கெட்ட பாலை முழுக்கக் கறந்துவிட்டு, ஒரு கை விழுதைத் தண்ணீரில் கரைத்து நாளைக்கு 10 தடவை, 5 நாள் தடவ வேண்டும். 2 தடவையோடு நிறுத்திவிட்டுப் பலனில்லை என்பார்கள். மடி சில்லிட்டு நீலம் பாரித்தால் விழுது அரைத்துக்கொண்டிருக்கக் கூடாது, அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள்.

பணம் போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர் மருந்தும் கூடவே போகட்டுமா?" தாராளமாக என்று சொல்கிறவரிடம் உங்களுக்குப் போவது காசு மட்டும்தான். ஊசி போட்டால் ஆற்றல் தடைபடும் என்று சொல்கிறவரிடம் மாடும் போகும். நோயைக் கண்டுபிடித்துச் சொல்லி மருந்து எழுதுவது 1984-ம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டப்படி பதிவு பெற்ற டாக்டரின் வேலை. மந்திரம், தாயத்து விளம்பரங்களைப் பற்றிய 1954-ம் ஆண்டுச் சட்டமும் "மாய மருந்து" என்பதற்கு விளக்கம் சொல்லும் இடத்தில் விலங்குகளையும் சேர்த்தே சொல்கிறது. கிராமத்தில் மாடு படுத்துவிட்டால் 1962-க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். நகரத்துக்குள் என்றால் தல்லாகுளத்தில் அரசு கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது.

இந்தச் சேவையைத் தாராளமாக வாங்கலாம் என்று சொல்லக்கூடிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. 14 வயதுக் கிழட்டு நாய், டாக்டரும் இனி ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. யாரோ ஒருவர் தினமும் ஒரு நேரம் குறித்து, இத்தனை நிமிடம் அதன் பக்கத்தில் உட்காருங்கள் என்று சொல்வது வீட்டாருக்கு ஆறுதல்தான், நாய்க்கும் நல்லதுதான். வலி மாத்திரையை மட்டும் டாக்டரிடமே வாங்குங்கள். வீட்டு மருந்துப் பெட்டியிலிருக்கும் புரூஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கும். பூனைக்குப் பாராசிட்டமால் அரை மாத்திரை கொடுத்தாலும் ஈறு பழுப்பேறி, மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.