என்பி231 உள்ள பழைய செரோக்கி: லோ ரேஞ்ச் நிற்காவிட்டால் பெட்டியை இறக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஜீப்பின் எக்ஸ்ஜே செரோக்கியில் லோ ரேஞ்ச் (மெதுவாக, ஆனால் அதிக இழுவையோடு போகும் கியர்) விழவில்லை, விழுந்தாலும் நிற்கவில்லை என்றதுமே ட்ரான்ஸ்ஃபர் கேஸை, அதாவது கியர்பாக்ஸின் பலத்தை முன்பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் பெட்டியை, இறக்கச் சொல்லும் மெக்கானிக்குகள் அதிகம். இறக்கிப் பிரித்துப் பார்த்தால் பாதி வண்டிகளில் உள்ளே ஒரு குறையும் இருக்காது. புது செயின், புது பேரிங், புது சீல் எல்லாம் போட்டு மாட்டிய வண்டி அடுத்த மேட்டிலேயே மறுபடி கியரைத் துப்பும். இங்கே பேசும் ட்ரான்ஸ்ஃபர் கேஸான என்பி231 கெட்டியான பெட்டி. வயதானால் முதலில் ஓய்வது அதை இயக்கும் வெளிச் சாமான்கள்தான்.

இதன் லோ ரேஞ்ச் விகிதம் 2.72. ஏஎக்ஸ்15 மேனுவல் கியர்பாக்ஸில் முதல் கியர் 3.83, ஆக்சில் 3.07 என்றால், எஞ்சின் ஏறக்குறைய 32 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றும். ஏடபிள்யூ4 ஆட்டோமேட்டிக்கும் 3.55 ஆக்சிலும் இருந்தால் 27. இந்தக் கணக்கு ஒரு சோதனைக்கும் உதவும். டேஷ்போர்டு விளக்கை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள், அதன் சுவிட்சும் வயரும் வண்டி வயசுதான். மண் தரையில் ஹையில் (சாதாரண ரேஞ்ச்) முதல் கியரை மாற்றாமல் 2000 ஆர்பிஎம்மில் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு லோவில் அதே ஆர்பிஎம். ஹையில் 27 கிலோமீட்டர் காட்டினால் லோவில் 10 காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால் விளக்கு எரியாவிட்டாலும் லோ விழுந்திருக்கிறது.

போடும் முறையிலேயே தப்பு செய்பவர்களும் உண்டு. இந்தப் பெட்டியின் லோவில் சிங்க்ரோ, அதாவது பற்களின் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு, கிடையாது. வண்டி முழுசாக நின்றிருந்தால் பல் எதிர்ப்பல்லின் மேல் உட்கார்ந்து லீவர் பாதியில் நிற்கும். மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் உருளும்போது கியர்பாக்ஸை நியூட்ரலில் வைத்து, மேனுவல் என்றால் கிளட்ச்சையும் மிதித்து, தயங்காமல் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். மெதுவாகத் தடவிப் போட்டால்தான் 'கர்ர்' என்று அரைக்கும். நியூட்ரலில் கிளட்ச்சை மிதிக்காமல் விட்டால், கியர்பாக்ஸ் ஆயிலின் இழுவையே ட்ரான்ஸ்ஃபர் கேஸின் இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றவைக்கும். குளிரில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது அரைக்கும் சத்தம் கூடுவது அதனால்தான்.

சரியாகப் போட்டும் விழவில்லையா? வண்டிக்கு அடியில் போங்கள். முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் இழுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலுக்கு வந்துவிட்டால் ஆட்டோமேட்டிக்கில் பார்க் போட்டிருந்தாலும் வண்டி உருளும். பார்க் பூட்டுவது கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட்டை மட்டும்தான், அதற்கும் சக்கரத்துக்கும் இடையே அப்போது தொடர்பே இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் உள்ள சிறிய இரும்புக் கையில் இருந்து, அதை லீவரோடு இணைக்கும் லிங்கேஜ் கம்பியைக் கழற்றிவிட்டு, அந்தக் கையை மட்டும் அசைத்துப் பாருங்கள். 2எச் (பின் சக்கரங்கள் மட்டும்), 4எச் (நான்கும், ஹை), நியூட்ரல், 4எல் (நான்கும், லோ) என்று நான்கு இடத்திலும் தெளிவான 'க்ளிக்' தெரிய வேண்டும். பல் மேல் பல் நின்றால் யாரையாவது விட்டு பின் ஷாஃப்ட்டைக் கொஞ்சம் திருப்பச் சொல்லுங்கள், விழுந்துவிடும். கையால் நான்கும் விழுகிறது, உள்ளே லீவரால் விழவில்லை என்றால் பெட்டியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

எக்ஸ்ஜேயின் பலவீனமே இந்த லிங்கேஜ்தான். லீவர் தரையில், அதாவது பாடியில் இருக்கிறது. பெட்டியோ ரப்பர் மவுண்டில் தொங்குகிறது. நடுவில் அசைவைத் திரும்பிக் கடத்தும் ஒரு தண்டும் பிளாஸ்டிக் புஷ்களும். புஷ் பொடிந்தால் லீவரின் அசைவில் பாதி ஆட்டத்திலேயே போய்விடும். 2எச்-சும் 4எச்-சும் சமாளித்துக்கொள்ளும், கடைசி இடமான 4எல் மட்டும் முழுசாக எட்டாது. பல் பாதி மட்டுமே கவ்வி நிற்கும், பாரம் ஏறியதும் கழன்று வரும். புஷ் மாற்றிய பிறகு அட்ஜஸ்ட்மென்ட் செய்யாமல் விட்டால் பயனில்லை. உள்ளே லீவரை 4எல்லில் வையுங்கள். அடியில் ட்ரனியன் (கம்பியைப் பிடித்திருக்கும் துண்டு) போல்ட்டைத் தளர்த்தி, கம்பி அதற்குள் தடங்கல் இல்லாமல் வழுக்குகிறதா என்று பாருங்கள், துரு இருந்தால் தேய்த்து கிரீஸ் தடவுங்கள். பெட்டியின் கை கடைசி வரை 4எல்லில் இருப்பதை உறுதி செய்துவிட்டு போல்ட்டை இறுக்குங்கள். பிறகு நான்கு இடமும் விழுகிறதா என்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அடிக்கடி கரடுமுரடில் ஓட்டுபவர் என்றால் கம்பியைத் தூக்கிப்போட்டுவிட்டு கேபிள் வகை ஷிஃப்டருக்கு மாறுவதே நல்லது. பெட்டி அசைந்தால் கேபிள் வளைந்து கொடுக்கும்.

அந்த அசைவு எவ்வளவு என்று பார்க்கவும் வழி இருக்கிறது. 4எல்லில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுங்கள், பிறகு ரிவர்சிலும் அதே மாதிரி. இன்னொருவர் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ இல்லாமல் பக்கத்தில் நின்று லீவரைப் பார்க்கட்டும். யாரும் தொடாமலே லீவர் முன்னும் பின்னும் நகர்ந்தால் கியர்பாக்ஸ் மவுண்ட் படுத்துவிட்டது. மவுண்டின் ரப்பர் ஆயிலில் ஊறி வீங்கியிருக்கும், இல்லையென்றால் இரும்பில் இருந்து உரிந்திருக்கும். சஸ்பென்ஷன் உயர்த்தியபோது ஷாஃப்ட் அதிராமல் இருக்க பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டமான க்ராஸ் மெம்பரைப் பீஸ் வைத்துத் தாழ்த்தியிருந்தாலும் இதே கதைதான்: பெட்டி இறங்கியது, லீவர் இறங்கவில்லை, கம்பியின் அளவு தவறிவிட்டது. அப்படித் தாழ்த்திய வண்டியில் ட்ரனியனை மறுபடி அட்ஜஸ்ட் செய்யாமல் வேறு எதையும் தேடாதீர்கள்.

லீவர் கழன்று வருகிறது என்று கையால் அழுத்திப் பிடித்தபடியோ கயிறு கட்டியோ ஓட்டுவது சிலரின் வழக்கம். பெட்டியைக் கெடுக்க அதைவிட நிச்சயமான வழி இல்லை. உள்ளே ஸ்லீவை (நகர்ந்து பல்லைக் கவ்வும் வளையம்) தள்ளும் ஃபோர்க்கின் நுனிகளில் நைலான் பேடு இருக்கிறது. சுற்றும் ஸ்லீவின் காடியில் அது பட்டும் படாமலும் இருக்க வேண்டும். கை அழுத்தம் முழுக்க அந்தப் பேடில் போய் உரசி, சூடேறித் தேயும்.

ஒவ்வொரு இடத்திலும் பிடித்து நிறுத்தும் டிடென்ட் ஸ்பிரிங்கை மறந்துவிடுகிறார்கள். முன்பக்கக் கேஸில் வெளியிலிருந்தே ஒரு பிளக், அதற்குள் ஸ்பிரிங், பிளஞ்சர். பெட்டியை இறக்காமலே கழற்றலாம். ஸ்பிரிங் தளர்ந்தாலோ பிளஞ்சர் துருவில் சிக்கினாலோ அந்த 'க்ளிக்' மழுங்கிவிடும். கழற்றினால் ஓ-ரிங்கைப் புதிதாகப் போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கழன்று வந்தால்தான் உள்ளே போக வேண்டும். அதற்கு முன் ஆயிலை வடித்துப் பாருங்கள். முதலில் நிரப்பும் பிளக்கைக் கழற்ற முடிகிறதா என்று பார்த்துவிட்டு அதன் பிறகு வடிக்கும் பிளக்கில் கை வையுங்கள். கேஸ் அலுமினியம், மேல் பிளக் இறுகிப்போய் வராவிட்டால் வடித்த பெட்டியோடு மாட்டிக்கொள்வீர்கள். ஆயிலில் சாம்பல் நிறப் பசை வந்தால் இயல்பு. பளபளக்கும் செதில் பேரிங்கையோ பல்லையோ காட்டும். சின்னச் சின்ன பிளாஸ்டிக் துணுக்கு வந்தால் அது ஃபோர்க் பேடு, இனி சந்தேகமே வேண்டாம். இந்தப் பெட்டிக்கு கியர் ஆயில் இல்லை, டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), சுமார் ஒரு லிட்டர், நிரப்பும் துளையின் கீழ் விளிம்பு வரை. ஏஎக்ஸ்15 வண்டியில் சிவப்பு ஆயிலுக்குப் பதில் கெட்டியாக, கியர் ஆயில் வாடையோடு வந்தால் நடு சீல் போய் கியர்பாக்ஸ் ஆயில் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. கியர்பாக்ஸின் அளவையும் உடனே பாருங்கள்.

பிரித்தபின் பேடை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். லோவில் ஸ்லீவ், ப்ளானட்டரி கேரியரின் (வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) பல்லைக் கவ்வுகிறது. இரண்டின் பல் முனைகளையும் விரல் நகத்தால் தடவினால் விளிம்பு கூராகத் தெரிய வேண்டும். பாதிக் கவ்வலில் பல முறை துள்ளிய பல்லில் முனை உருண்டு பளபளக்கும், அது பாரத்தில் தானாகவே வெளியே தள்ளும். ஸ்லீவ் தேய்ந்திருக்க ஃபோர்க் மட்டும் புதிதாகப் போட்டால் மறுபடி இறக்கும் வேலைதான். ஆயில் உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங், வலை, எல்லா சீல்களும் அப்போதே மாற்றிவிட வேண்டியவை.

பெட்டிக்குள் முன் ஷாஃப்ட்டுக்குப் பலத்தைக் கொண்டுபோகும் செயினின் கோளாறை இதோடு குழப்ப வேண்டாம். கியர் கழன்றால் லீவர் நகரும், எஞ்சின் வெறுமனே ரேஸ் ஆகும். செயின் நீண்டிருந்தால் லீவர் அசையாது, ஏற்றத்தில் 'டமார் டமார்' என்று பல் தாண்டும், வண்டி உதறும். முன் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டு 4எல்லில் நிதானமாக ஓட்டினால் செயினுக்குப் பாரமே இராது. சத்தம் நின்றுவிட்டால் செயின், அல்லது அதற்கு முன்னால் உள்ள ஏதோ ஒன்று.

லோவில் இருந்து வெளியே வர மறுப்பது தனி விஷயம். பெரும்பாலும் கெட்டித் தரையில் வளைத்து ஓட்டியதால் முன்பின் ஷாஃப்ட்கள் முறுக்கேறி ஸ்லீவை இறுக்கிப் பிடித்திருக்கும். நேராக சில மீட்டர் பின்னால் எடுங்கள், அதற்கும் வராவிட்டால் ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள், முறுக்கு அவிழும். நேர் சாலையிலேயே இறுகுகிறது என்றால் டயர்களைச் சந்தேகியுங்கள். முன்னும் பின்னும் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். காற்றழுத்தத்தை முதலில் சமமாக்கிக்கொள்ளுங்கள்.

ஆரம்பகால எக்ஸ்ஜேயில் முன் ஆக்சிலை இணைப்பது எஞ்சினின் உறிஞ்சலில் இயங்கும் வேக்யூம் மோட்டார். அங்கே குழாய் வெடித்திருந்தால் லோ ஒழுங்காக விழும், முன் சக்கரம் மட்டும் இழுக்காது. ஆக்சில் பக்கக் குழாயில் கைப் பம்ப் மாட்டி 15 இஞ்ச் பாதரச அளவு வேக்யூம் கொடுத்து அரை நிமிடம் நிற்கிறதா என்று பாருங்கள். குழாய்க்குள் சிவப்பு ஆயில் இருந்தால் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் மேல் உள்ள வேக்யூம் சுவிட்ச் கசிகிறது. குழாயை மட்டும் மாற்றினால் அதுவும் கொஞ்ச நாளில் ஆயிலில் ஊறிவிடும், சுவிட்சையும் சேர்த்து மாற்றுங்கள்.