வாவுபலிக்குக் குழித்துறை போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ரூம் போடுங்கள் (7,600 ரூபாய் போனது)

சென்னை வந்து பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. ஆற்றில் முங்கிய ஈரத்துணி மூட்டை அப்படியே வாசலில் கிடக்கிறது. இப்போதே எழுதிவிட வேண்டும். நாலு நாள் போனால் எனக்கே "சரி, தொலையட்டும்" என்று தோன்றிவிடும். நாம் அப்படி விட்டுவிடுவோம் என்பதை நம்பித்தான் இந்த ஆட்கள் பிழைப்பு நடத்துகிறார்கள்.

போனது 7,600 ரூபாய். பெரிய தொகையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும், எனக்குப் பெரிய தொகைதான்.

எங்கள் அப்பாவுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம்தான் ஊர். வீடு விற்றுப் பதினோரு வருஷம் ஆகிறது. அப்பா போன பிறகு வரும் முதல் ஆடி அமாவாசை, குழித்துறை ஆற்றில்தான் பலி போட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். (இறந்தவர்களுக்குத் தர்ப்பணம் கொடுப்பதைத்தான் எங்கள் பக்கம் பலி போடுவது என்போம், ஆடி அமாவாசைப் பலிதான் வாவுபலி.) வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: இது திருநெல்வேலித் தாமிரபரணி இல்லை. எங்கள் ஆற்றுக்கும் தாமிரபரணி என்றுதான் பெயர், ஆனால் கோதையாறும் பறளியாறும் மூவாற்றுமுகத்தில் சேர்ந்து, குழித்துறை வழியாகப் போய்த் தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகிற வேறு ஆறு. ஆடி அமாவாசை அன்று விடியுமுன்னே இந்த ஆற்றங்கரையில் கூட்டம் நிற்க இடமிருக்காது. அதையொட்டி வாவுபலிப் பொருட்காட்சியும் நடப்பதால் அந்தச் சமயத்தில் மார்த்தாண்டம், குழித்துறை இரண்டிலும் ரூம் கிடைப்பது கஷ்டம். சொந்த ஊருக்குப் போய்க் காசு கொடுத்துத் தங்க வேண்டியிருக்கிறதே என்பது ஏற்கெனவே ஒரு வருத்தம்.

மூன்று வாரம் முன்பே ரூம் புக் பண்ணுகிற ஒரு ஆப்பில் தேடினேன். பேர் சொல்லவில்லை, எல்லார் போனிலும் இருக்கிற மாதிரி ஆப்தான். அதில் ஒரு கெஸ்ட் ஹவுஸ், "ஆற்றைப் பார்த்த அறை", பால்கனிக்கு அப்பால் தென்னைமரம், பச்சைத் தண்ணீர் என்று படம், நட்சத்திரமும் நாலுக்கு மேல். ஒரு ரூம் ஒரு நாளைக்கு 1,600. இரண்டு ரூம், இரண்டு நாள் போட்டேன். பணம் போய்க் கொடுத்தால் போதும் என்று இருந்தது. அத்தோடு நான் சும்மா இருந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

கிளம்ப நாலு நாள் இருக்கும்போது ஒரு போன். "அக்கா, கெஸ்ட் ஹவுஸ்ல இருந்து பேசுகேன்" என்றான். என் பேர், எந்தத் தேதி, எத்தனை ரூம், எத்தனை பேர், எல்லாம் சரியாகச் சொன்னான். வாவுபலி சமயம், ஆப்பில் போட்டதெல்லாம் கடைசி நேரத்தில் கேன்சல் ஆகிவிடுகிறது, நேராகப் பணம் போட்டால் ரூமை எழுதி வைத்துவிடுவோம், ஆப்காரனுக்குப் போகிற கமிஷன் மிச்சமாவதால் 1,400 வீதம் தந்தால் போதும் என்றான். நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாதவனுக்கு எப்படிப் பணம் போடுவது என்று கேட்கத்தான் செய்தேன். அதற்கு அவன் சொன்னான்: "ஒண்ணும் பேடிக்காண்டாம் அக்கா, நான் இல்லியா இஞ்ச."

பேடிக்காண்டாம். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம், எங்கள் பக்கத்துப் பேச்சு. சென்னையில் யார் இந்தச் சொல்லைச் சொல்வார்கள்? ரிசல்ட் வருகிற அன்று, பிரசவத்துக்கு உள்ளே போகும்போது, அப்பா ஐ.சி.யூ.வில் கிடந்தபோதுகூட, என்னைப் பார்த்து அவர் சொன்னது இந்தச் சொல்தான். அவர் போன பிறகு என் காதில் விழவே இல்லை. எவனோ ஒருத்தன் போனில் அதைச் சொன்னதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நம்ம ஊர்ப் பையன் என்று நினைத்துவிட்டேன். அப்பாவுக்குப் பலி போட வருகிறோம் என்று அவனிடம் சொல்லவும் செய்தேன், அதுதான் இப்போது அதிகமாக எரிகிறது. "அம்மைக்கு முந்தின நாளு ஒரு நேரம் சோறுல்லா, பச்சரிசிச் சோறு பொங்கித் தரச் சொல்லுகேன்" என்றான். பலிக்கு முந்தின நாள் ஒரு வேளைதான் சோறு சாப்பிடுவது வழக்கம், அதுகூட அவனுக்குத் தெரிந்திருந்தது. இப்படிப் பேசுகிறவனை எப்படிச் சந்தேகப்படுவது, நீங்களே சொல்லுங்கள்.

5,600 ரூபாய் யு.பி.ஐ.யில் அனுப்பினேன். அனுப்பும்போது திரையில் கெஸ்ட் ஹவுஸ் பேர் வரவில்லை, யாரோ ஒரு ஆள் பேர் வந்தது. அதையும் கேட்டேன். "அது நம்ம சித்தப்பா மவன்தான், ஓனரு மஸ்கட்ல இருக்காரு" என்றான். மறுநாள் காலையில் திரும்பவும் கூப்பிட்டு, திருவிழா சமயம் என்பதால் ரூமுக்கு ஆயிரம் வீதம் அட்வான்ஸ், கிளம்பும்போது கையில் திருப்பித் தந்துவிடுவோம் என்று சொல்ல, அந்த 2,000-மும் போட்டேன். ஆக 7,600. பணம் போன பிறகு, "ஆப்பில் போட்டதை கேன்சல் பண்ணிருங்க அக்கா, இல்லாட்டி ரெண்டு புக்கிங்கா காட்டும்" என்றான். நல்ல பிள்ளையாக அதையும் செய்தேன். என் கையாலேயே.

அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் குழித்துறை ஸ்டேஷனில் இறங்கினோம். அம்மா, தம்பி, அவன் மனைவி, நான், என் மகள். நல்ல மழை. ஆட்டோக்காரரிடம் இடத்தைச் சொன்னதும் "ஆத்துக்கரையா? அது ஆத்துக்கரை இல்லியே" என்றார். அப்போதே வயிற்றைக் கலக்கியது. கெஸ்ட் ஹவுஸ் ஆற்றிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ஒரு சந்துக்குள் இருந்தது. பின்பக்கம் ரப்பர் ஷீட் காயப் போடுகிற ஷெட். அந்த வாடை தெரிந்தவர்களுக்குத் தெரியும். எனக்குப் பழகிய வாடைதான், என் மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். ஆப்பில் இருந்த அந்தப் படம் எங்கே எடுத்தது என்று மறுநாள் ஆற்றின் குறுக்கே இருக்கிற சப்பாத்து, அதாவது தரைப்பாலத்துப் பக்கம் நின்றபோதுதான் புரிந்தது. பால்கனியை வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

ரிசப்ஷனில் இருபது வயசுப் பையன் ஒருவன். நோட்டைப் புரட்டிவிட்டு "உங்க பேருல புக்கிங் இல்லியே" என்றான். பணம் போட்டதைக் காட்டினேன். அந்த நம்பர் எங்களுடையதே இல்லை என்றான். சரி, அந்த ஆளுக்கு என் தேதி எப்படித் தெரியும், ரூம் எண்ணிக்கை எப்படித் தெரியும், நான் ஆப்பில் போட்டது உங்களுக்கும் ஆப்காரனுக்கும் தவிர யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். பதில் இல்லை. அப்புறம் "முந்தி ஒருத்தன் வேலைக்கு நின்னான், போன மாசம் போயிட்டான்" என்றான். வேலையை விட்டுப் போனவன் கையில் புக்கிங் விவரம் எப்படி என்றால், அதற்கும் பதில் இல்லை. ஓனர் நம்பர் கேட்டேன். அவர் மஸ்கட்டில் இருக்கிறாராம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே மாதிரி பேசினார்கள். என்னிடம் போனில் பேசியவன் நம்பர் அதற்குள் ஸ்விட்ச் ஆப்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. மழையில் நனைந்த சேலையோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி வேறு நாலு லாட்ஜுக்குப் போய்ப் பார்த்தான், எங்கும் இடமில்லை. கடைசியில் அந்தப் பையனே "ஒரு ரூம் காலியா இருக்கு, 1,800" என்றான். இரண்டு மணி நேரம் முன்பு ஒன்றும் இல்லை என்றவன். ஐந்து பேருக்கு ஒரு ரூம். வேறு வழி? கொடுத்தேன். இதை 7,600-இல் நான் சேர்க்கவில்லை, இது தனி.

ரூமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். சுவரில் ஈரம் ஏறிக் கட்டில் தலைமாட்டுவரை கறுப்பு பூத்திருந்தது, தலையணையில் முந்தின ஆளின் எண்ணெய் வாசம், குழாயைத் திறந்தால் கட்டன் சாயா நிறத்தில் தண்ணீர். ராத்திரி பதினோரு மணிக்குப் போன கரண்ட் மூன்று மணிக்கு வந்தது. பச்சரிசிச் சோறு என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். நான் வெளியே போய் மட்டிப்பழம் வாங்கி வந்து கொடுத்தேன்.

காலையில் ஆற்றுக்கு நடந்தே போனோம். பலி நன்றாக நடந்தது, அதில் குறையில்லை. எள்ளும் பச்சரிசியும் பிசைந்த பிண்டத்தை இலையோடு ஆற்றில் விட்டு முங்கி எழுந்தபோது, தண்ணீர் வரத்து கூடுதலாக இருந்ததால் கரையில் நின்ற ஒருவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு "பேடிக்காண்டாம் அம்மா, பைய இறங்குங்க" என்றார். நான் அவரைத் திரும்பி முறைத்துவிட்டேன். பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. இந்த ஊரில் டீக்கடைக்காரரிலிருந்து பஸ் கண்டக்டர் வரை எல்லார் வாயிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தேன், இவன்தானா அவன் என்று. அப்பா மிச்சம் வைத்துவிட்டுப் போன ஒரு சொல்லை அந்தத் திருடன் கெடுத்துவிட்டான். அந்தக் கணக்கை எந்த நோட்டில் எழுதுவது?

மறுநாளும் அந்த ரூமில் இருக்க முடியாது என்று திரும்பிவிட்டோம். மகளுக்குத் திற்பரப்பு அருவியைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன், அதுவும் நடக்கவில்லை.

இனி அலைக்கழித்த கதை. ஆப்பின் கஸ்டமர் கேருக்கு முதலில் சாட். ஒரு இயந்திரம் "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஆறு தடவை வருந்தியது. பிறகு ஒரு மனிதர் வந்தார். "மேடம், புக்கிங்கை நீங்களே கேன்சல் செய்திருக்கிறீர்கள், ஆப்புக்கு வெளியே கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை." சரி, என் விவரம் எப்படி வெளியே போனது என்று கேட்டால், "விசாரித்து ஏழு வேலை நாளில் சொல்கிறோம்." அந்தப் பொய்ப் படத்தையாவது எடுங்கள் என்றேன். அதற்கும் ஏழு வேலை நாள். இதை எழுதும்போது பார்த்தேன், படம் அப்படியே இருக்கிறது, நட்சத்திரமும் அப்படியே.

பேங்கில், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியதால் நாங்கள் பிடித்துவைக்க முடியாது என்றார்கள். உள்ளூர்க் காவல் நிலையத்தில் "சைபர் கிரைமில் போடுங்கம்மா, திருவிழா பந்தோபஸ்துக்கு ஆள் பத்தாமல் கிடக்கு" என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம், எனக்கு அப்போது எதுவும் நியாயமாகத் தெரியவில்லை. சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்குச் சென்னை வந்த பிறகுதான் போன் பண்ணினேன். பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் "உடனே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருந்திருக்கும்" என்று சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டேன். கெஸ்ட் ஹவுஸ் வாசலில் நின்று அந்தப் பையனோடு கத்திய இரண்டு மணி நேரத்தில் இதைச் செய்திருக்கலாம். அப்போது யாருக்கு அது ஞாபகம் வருகிறது.

தம்பி சொல்கிறான், ஆப்பில் போட்டபடி போயிருந்தாலும் 6,400 செலவுதானே, அதைக் கழித்துப் பார் என்று. அவன் எப்போதும் இப்படித்தான். ரூம் கொடுத்திருந்தால் கழிப்பேன். கொடுக்கவில்லை. 7,600 என்றால் 7,600.

விவரமாக எச்சரிக்கை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், மணி ஒன்றாகிவிட்டது, காலையில் ஆபீஸ். ஆப்பில் போட்டதை யார் சொன்னாலும் கேன்சல் பண்ணாதீர்கள். பணம் அனுப்பும்போது வேறு பேர் காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், சித்தப்பா மகன் கதை கேட்காதீர்கள். ஏமாந்தது தெரிந்த நிமிஷமே சண்டையை விட்டுவிட்டு 1930-ஐக் கூப்பிடுங்கள், அல்லது சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் போடுங்கள். நுகர்வோர் உதவிக்கு 1915 இருக்கிறது, நாளைக்கு அதில் கூப்பிடப் போகிறேன். வாவுபலிக்குப் போகிறவர்கள் முடிந்தால் நாகர்கோவிலில் ரூம் எடுத்துவிட்டு அதிகாலையில் வண்டி பிடித்து வாருங்கள். ஆற்றைப் பார்த்த அறை வேண்டாம், ஆற்றை ஆற்றங்கரையில் போய்ப் பார்த்தால் போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். எங்கள் சொந்தக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அம்மாவிடம் தொகையைச் சொல்லிவிடாதீர்கள். போனது 2,000 என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அதற்கே நேற்று ராத்திரி முழுக்க ரயிலில் தூங்காமல் உட்கார்ந்திருந்தாள்.