மடித்த இரும்பா, ரிவெட் அடித்த அலுமினியமா, 2020 புரொஃபைலா? வீட்டில் உலோகக் கேபினெட் செய்வதற்கான மூன்று வழிகள்

கணினிக் கேபினெட்டைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே உலோகத்தில் செய்துகொள்ள விரும்புபவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. 18 கேஜ் இரும்புத் தகட்டை வெட்டி மடித்துப் பெட்டியாக்குவது முதல் வழி. அலுமினிய ஆங்கிளால் சட்டம் கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டை வைத்து ரிவெட் அடிப்பது இரண்டாவது வழி. நான்கு பக்கமும் காடி (நீளப் பள்ளம்) ஓடும் 2020 அலுமினியப் புரொஃபைலால், அதாவது 20 மி.மீ. சதுர அலுமினியக் கம்பால், கூடு கட்டி, பக்கத் தகடுகளைத் திருகி மாட்டுவது மூன்றாவது வழி. மூன்றையும் ஒருமுறையாவது செய்து பார்த்தவன் என்ற முறையில், எது உறுதி, எது குளிர்ச்சி, எது அழகு என்ற கேள்விகளைவிட, இரண்டு மில்லிமீட்டர் பிசகிவிட்டால் எதில் அதைச் சரிசெய்துகொள்ள முடியும் என்ற கேள்வியே முக்கியமானது என்று கருதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு ஒரே அளவை எடுத்துக்கொள்வோம். 300 மி.மீ. ஆழம், 200 மி.மீ. அகலம், 330 மி.மீ. உயரம் கொண்ட, ஏறக்குறைய 20 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு மினி ஐ.டி.எக்ஸ். (சிறிய மதர்போர்டுக்கான அளவுமுறை) பெட்டி நம் அளவுகோலாக இருக்கட்டும். இதற்குள் அமரப்போகும் மதர்போர்டு 170 மி.மீ. சதுரம். பின்பக்கத்தில் இணைப்பிகள் வெளியே தெரியும் திறப்பு 158.75 மி.மீ. நீளமும் 44.45 மி.மீ. அகலமும் கொண்டது, 120 மி.மீ. விசிறியின் திருகுத் துளைகளுக்கு இடையிலான தொலைவு 105 மி.மீ. மதர்போர்டு, அதைத் தாங்கும் தட்டு, பின்பக்கத் திறப்பு, கிராஃபிக்ஸ் கார்டின் பிராக்கெட் அமரும் விளிம்பு ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று அரை மில்லிமீட்டருக்குள் பொருந்தியாக வேண்டும். மற்ற இடங்களில் இரண்டு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கணினி ஓடும். கண்ணுக்கு மட்டும் உறுத்தலாம். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும், அந்த ஓர் உள்ளங்கை அகல இடத்தில்தான் அது தேறுகிறதா என்று பார்க்கவேண்டும்.

முதலில் இரும்பு. கடைக்காரரிடம் சி.ஆர். ஷீட் என்று கேட்டால் கிடைக்கும் இந்தத் தகடு 18 கேஜில் 1.2 மி.மீ. தடிமன் இருக்கும். விலை மலிவு, எங்கும் கிடைக்கும், மடித்தால் விரிசல் விடாது, மடித்த விளிம்பே சட்டத்தின் வேலையைச் செய்துவிடும் என்பதால் தனியாக ஆங்கிள் தேவைப்படாது. ஆறு பக்கமும் மூடினால் நம் பெட்டிக்கு 4.2 கிலோ எடை வரும். இதைச் சுமை என்று சொல்பவர்கள் உண்டு. மேசைக்கு அடியில் அசையாமல் நிற்கப்போகும் பொருளுக்கு எடை ஒரு குறையாக எனக்குத் தோன்றியதில்லை.

இரும்பில் எனக்கு ஏற்பட்ட தோல்வி மடிப்பில் வந்தது. பக்கத்துக்கு 200, நடுவில் 330, மறுபக்கத்துக்கு 200 என்று கூட்டி 730 மி.மீ. நீளத்துக்குத் தகட்டை வெட்டினேன். மடிக்கும்போது உலோகம் வளைவின் வெளிப்புறத்தில் நீளும் என்பதும், 1.2 மி.மீ. தகட்டில் ஒரு செங்கோண மடிப்புக்கு ஏறக்குறைய 2.2 மி.மீ. கழித்துக்கொண்டே வெட்டவேண்டும் என்பதும் படித்த விஷயங்கள்தாம். ஆனால் இரண்டு இரும்பு ஆங்கிள்களுக்கு நடுவே தகட்டை வைத்து வைஸில் இறுக்கி, மரச் சுத்தியால் ஓரத்திலிருந்து ஓரம்வரை தட்டி மடித்துக்கொண்டிருந்த உற்சாகத்தில் அதை மறந்துவிட்டேன். இரண்டு மடிப்புக்குமாகச் சேர்த்து நாலு மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக வந்தது. மடிப்புக்கோடுகளில் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சாய்ந்தும் விட்டதால், கிராஃபிக்ஸ் கார்டின் பிராக்கெட் விளிம்பில் உட்கார மறுத்து நட்டுக்கொண்டு நின்றது. மடித்த தகட்டை நிமிர்த்தி மறுபடி மடித்தால், முதல் மடிப்பின் தழும்பு தகட்டின் முகத்தில் அப்படியே நிற்கும். மூன்றாம் முறை மடித்தால் அங்கேயே தகடு களைத்துவிடும். அந்தத் தகட்டை அப்புறம் எதற்கும் பயன்படுத்த முடியவில்லை.

இரும்பில் இன்னும் ஒரு சங்கடம் இருக்கிறது. வீட்டில் பெரும்பாலும் கிடைப்பது சாதாரண ஆர்க் வெல்டிங்தான், 1.2 மி.மீ. தகட்டில் அதைப் பழக்கமில்லாத கை பிடித்தால் ஓட்டைதான் விழும். எனவே இரும்பிலும் கடைசியில் ரிவெட்டுக்கே வரவேண்டியிருக்கிறது. துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. ஷீட் துரு பிடிக்காதே என்று அதை வாங்கி வெல்டிங் செய்ய நினைப்பவர்கள், துத்தநாகப் பூச்சு எரியும்போது எழும் வெண்புகை காய்ச்சலைக் கொண்டுவரும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

அலுமினியத்தைப் பற்றி முதலில் எழும் ஐயம் அதன் மென்மையைப் பற்றியது. ஒரே தடிமனில் இரும்பு ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பானது என்பது உண்மையே. ஆனால் தகட்டின் தடிமன் இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகிவிடும் என்பதால், 1.2 மி.மீ. இரும்பின் விறைப்பை 1.7 மி.மீ. அலுமினியமே எட்டிப்பிடித்துவிடுகிறது, 2 மி.மீ. அலுமினியம் அதைத் தாண்டிவிடுகிறது. அப்படித் தாண்டியும், நம் பெட்டியின் ஆறு பக்கங்களுக்குமாகச் சேர்த்து எடை 2.4 கிலோதான். மடிப்பதற்கு மட்டும் அலுமினியத்தின் ரகத்தைக் கேட்டு வாங்கவேண்டும்: 5052 ரகம் நன்றாக மடியும், 6061-டி6 ரகத்தை இறுக்கமாக மடித்தால் வெளிப்புறத்தில் மயிரிழை விரிசல் ஓடிவிடும். ஆங்கிள் சட்டம் கட்டும் முறையில் மடிப்பே இல்லை என்பதால் இந்தக் கவலையும் போய்விடுகிறது.

வேலை நடக்கும் விதம் இப்படி இருக்கும். முக்கால் அங்குல ஆங்கிளை அளந்து, மூலைமட்டம் வைத்துக் கோடு கீறி, ஹேக்ஸாவால் கோட்டுக்கு வெளியே வெட்டி, கோடுவரை அரத்தால் ராவிக்கொள்ள வேண்டும். அலுமினியத் துகள் அரத்தின் பற்களில் அப்பிக்கொண்டு, அடுத்த இழுப்பில் பளபளப்பான பரப்பில் ஆழமான கீறலைப் போட்டுவிடும். அரத்தின்மேல் சாக்கட்டியை அழுத்தித் தேய்த்துவிட்டு ராவினால் துகள் ஒட்டாது. துளை போடும்போது இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டால் டிரில் பிட் சிக்காமல் போகும். சாதாரண கிரைண்டர் கல்லில் அலுமினியத்தைத் தேய்க்கவே கூடாது. துகள் கல்லில் அடைத்துக்கொண்டு, கல் சூடேறி உடையக்கூடும்.

இந்த வழியின் பெரும் நன்மை ரிவெட்டில் இருக்கிறது. 3.3 மி.மீ. துளையில் 3.2 மி.மீ. பாப் ரிவெட்டை அடிக்கிறோம், 2 மி.மீ. தகடும் 3 மி.மீ. ஆங்கிளும் சேர்ந்த 5 மி.மீ. தடிமனுக்கு 10 மி.மீ. நீள ரிவெட் சரியாக இருக்கும். ரிவெட் அடிப்பதற்கு முன்பே ஒன்றுவிட்டு ஒரு துளையில் எம்3 (3 மி.மீ. விட்ட) போல்ட்டும் நட்டும் போட்டுப் பெட்டி முழுவதையும் பூட்டிப் பார்த்துவிடலாம். மதர்போர்டை வைத்து, கார்டைச் செருகி, இடிக்கும் இடத்தை அரத்தால் எடுத்துவிடலாம். அடித்த பிறகு தவறு தெரிந்தாலும், ரிவெட்டின் தலையை அதே 3.3 மி.மீ. பிட்டால் குடைந்து எடுத்துவிட்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். என் இரண்டாவது பெட்டியில் பின்பக்கத் தகட்டை இப்படி இருமுறை கழற்றினேன். வெளியே பார்ப்பவருக்கு அது தெரியாது.

மதர்போர்டைத் தாங்கும் தூண் திருகுகளிலும் இதுபோன்ற ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. மதர்போர்டின் துளை விட்டம் 3.96 மி.மீ. கடைக் கேபினெட்டுகளில் வரும் 6-32 திருகின் விட்டம் 3.5 மி.மீ. என்பதால், பக்கத்துக்கு கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகர இடம் கிடைக்கிறது. எம்3 திருகைப் போட்டால் அது அரை மில்லிமீட்டராகிறது. அதோடு, 1.2 மி.மீ. இரும்பில் 6-32 டேப் அடித்தால் (துளைக்குள் திருகுப் புரி வெட்டினால்) ஒன்றரைப் புரி மட்டுமே பிடிக்கும், 2 மி.மீ. அலுமினியத்தில் எம்3 டேப் அடித்தால் நான்கு புரி பிடிக்கும். கையால் துளை போடுபவருக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதில்லை.

மூன்றாவது வழியான 2020 புரொஃபைல், பார்வைக்கு மூன்றிலும் எளிதானது. காடிக்குள் ஓடும் டி-நட்டின் (டி வடிவ நட்டின்) பிடியைத் தளர்த்தினால் எந்தப் பாகத்தையும் வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம் என்பதால், பிசகைத் திருத்துவதில் இதற்கு ஈடில்லை. முனைகள் செங்கோணத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதே இதன் ஒரே கண்டிப்பு. ஹேக்ஸாவில் வெட்டிய முனை சற்றே சாய்ந்திருந்தாலும் கூடு முழுவதும் கோணிக்கொள்ளும். ஆகவே கடையிலேயே இயந்திரத்தில் வெட்டி வாங்குவது நல்லது. முனையில் உள்ள நடுத்துளையில் எம்5 டேப் அடித்துவிட்டால், மூலை பிராக்கெட் இல்லாமலே நேராகத் திருகிவிடலாம்.

ஆனாலும் இதை நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். பன்னிரண்டு விளிம்புகளுக்கும் சேர்த்து 3.3 மீட்டர் புரொஃபைல் தேவைப்படுகிறது. மீட்டருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ என்றால், தகடு மாட்டும் முன்பே ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிடுகிறது. 1.5 மி.மீ. தகடுகளையும் சேர்த்தால் 3.4 கிலோ ஆகி, இலேசாக இருக்கும் என்று நம்பி வந்தவரை இரும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதைவிடப் பெரிய தொல்லை, பின்மூலையில் நிற்கும் 20 மி.மீ. தூண். இணைப்பிகளின் திறப்பை அது மறைக்காமலிருக்க, மதர்போர்டுத் தட்டையே 20 மி.மீ. உள்ளே தள்ளவேண்டியிருக்கும். 200 மி.மீ. அகலப் பெட்டியில் பத்தில் ஒரு பங்கு அங்கேயே வீணாகிறது. உயரமான கூலரை வைத்திருப்பவருக்கு அதனாலேயே பக்கத் தகடு மூடாமல் போகலாம்.

வெப்பத்தைப் பற்றி நீட்டிப் பேச அதிகம் இல்லை. அலுமினியம் இரும்பைவிட நான்கு மடங்கு வெப்பத்தைக் கடத்தும் என்பது சரிதான். ஆனால் உள்ளே இருக்கும் சூடு பெட்டியின் சுவர் வழியாக அன்றி, காற்றோடுதான் வெளியேறுகிறது. 2003-இல் ஆப்பிள் வெளியிட்ட பவர் மேக் ஜி5 முழுக்க அலுமினியக் கூட்டில் வந்தது. அதற்குள் ஒன்பது விசிறிகள் இருந்தன. ஓசையில் இரும்புக்கே என் ஓட்டு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் எழுப்பும் 120 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை, கனமான இரும்புத் தகடு அடக்கிவிடுகிறது. இலேசான அலுமினியப் பெட்டி தம்பூரா போலக் கூடவே பாடும். எஸ்.எஸ்.டி. மட்டும் வைத்திருப்பவர் இதை மறந்துவிடலாம்.

எர்த் இணைப்பை மட்டும் யாரும் மறக்கக் கூடாது. எர்த் இல்லாத பிளக்கில் மாட்டினால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியின்) வடிகட்டிக் கெபாசிட்டர்கள் வழியாக 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி பெட்டியின் உடம்பில் மிதக்கும்; மின்னோட்டம் மிகச் சிறிதே ஆனாலும் புறங்கை பட்டால் சுர்ரென்று இழுக்கும். பிளக்கில் எர்த் இருந்தாலும், பெட்டியின் எல்லாத் தகடுகளுக்கும் அது போய்ச் சேரவேண்டும். மடித்த இரும்பு ஒரே துண்டு என்பதால் அங்கே கவலை குறைவு. ரிவெட் உலோகத்தோடு உலோகத்தை நசுக்கிப் பிடிப்பதால் பெரும்பாலும் தொடர்பு கிடைத்துவிடுகிறது. புரொஃபைலோ அனோடைஸ் செய்யப்பட்டு, அதாவது மேற்பரப்பில் ஆக்சைடுப் பூச்சு ஏற்றப்பட்டு வருவது. அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. என் மூன்றாவது பெட்டியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது, ஆறு தகடுகளில் இரண்டில் மட்டுமே பீப் ஒலி வந்தது. மற்ற நான்கிலும் திருகு அமரும் இடத்தைச் சுரண்டி, பற்கள் கொண்ட வாஷரைப் போட்ட பிறகே சரியானது. பெட்டியைப் பவுடர் கோட்டிங்குக்கு (தூள் வண்ணம் பூசிச் சுடுவதற்கு) கொடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கோட்டிங் அடுப்பு 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும் என்பதால், கோணலை மறைக்கச் சாதாரண பட்டியை (பள்ளம் நிரப்பும் பசையை) பூசிக் கொடுத்தால் அது கொப்புளித்துவிடும்.

கணினியில் வரைந்த படத்தைப் பட்டறையில் கொடுத்து, லேசரில் வெட்டி, இயந்திரத்தில் மடித்து வாங்குவதை நான்காவது வழியாகச் சிலர் சொல்வதுண்டு. கோவையில் கணபதிப் பக்கம் போனால் அதற்கான பட்டறைகள் உண்டு. துல்லியத்தில் கையால் அதை வெல்லவே முடியாது. கையால் செய்வது என்ற வரையறைக்குள் அது வருமா என்ற வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. மதர்போர்டுத் தட்டையும் பின்பக்கத் தகட்டையும் மட்டும் அப்படி வாங்கிக்கொண்டு, மற்றதைக் கையால் செய்தால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. இன்னும் மலிவான ஒரு வழியும் இருக்கிறது. பெரிய மதர்போர்டுகளுக்கான ஏ.டி.எக்ஸ். அளவுமுறை 1995-இல் வந்தது, மினி ஐ.டி.எக்ஸ். போர்டின் துளைகளும் அதே இடங்களில்தான் அமைந்திருக்கின்றன. பழைய இரும்புக் கடையில் கிடக்கும் ஏதாவது ஒரு கேபினெட்டின் தட்டையும் பின்பகுதியையும் சேர்த்து வெட்டி எடுத்தால், அரை மில்லிமீட்டர் துல்லியம் வேண்டிய இடம் முழுவதும் அச்சில் அடித்ததுபோலக் கைக்கு வந்துவிடும்.

முதல் பெட்டியைச் செய்யப்போகிறவருக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்: பழைய கேபினெட்டிலிருந்து எடுத்த தட்டு, அதைச் சுற்றி முக்கால் அங்குல ஆங்கிள் சட்டம், 2 மி.மீ. அலுமினியத் தகடு, ரிவெட். ஹார்ட் டிஸ்க்குகள் நிறைய வைத்து இரவும் பகலும் ஓடவேண்டிய பெட்டி என்றால், மடிப்பில் கை பழகிய பிறகு இரும்புக்குப் போகலாம். முதலில் வீணான தகட்டில் பத்து மடிப்பாவது மடித்து, ஒவ்வொன்றையும் வெர்னியரால் அளந்து, தன் கைக்கும் தன் வைஸுக்கும் எவ்வளவு கழிக்கவேண்டும் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பாகங்களை அடிக்கடி மாற்றிப் பார்க்கும் பழக்கமுள்ளவர் புரொஃபைலையே எடுக்கட்டும். ஆனால் பெட்டியின் அகலத்தை 200-இல் நிறுத்தாமல் 220 மி.மீ. என்று வைத்து வரையட்டும்.